நான்காவது கட்டம் இல்லாத பதிவேட்டில் வட்டம் போட்டவருக்கு

திண்டிவனம் வட்டாரத்தின் மண் சாலைகளிலும் வயல் வரப்புகளிலும் புதன்கிழமை தவறாமல் பனிக்கட்டிப் பெட்டியைத் தோளில் சுமந்து நடந்து, மழைக்கும் வெயிலுக்கும் மேலதிகாரிகளுக்கும் அஞ்சாமல் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, பல்லாயிரம் பச்சிளம் வாய்களில் இரண்டிரண்டு சொட்டாகப் பாதுகாப்பை வார்த்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் பகுதி சுகாதார செவிலியர், எங்கள் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய திருமதி லூசியா சவரிநாதன் அவர்களே,

உடன் பணியாற்றியவர்கள் அனைவரின் சார்பிலும் வணக்கம்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதும் வேலை அங்கன்வாடிப் பணியாளரான என்னிடம் வந்து சேரும். நான் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் புதன்கிழமை தடுப்பு மருந்து என் மையத்தில்தான் கொடுக்கப்படுகிறது, என் கையெழுத்தும் பார்க்கும்படி இருக்கும் என்பதால் வழக்கம் அப்படி ஆகிவிட்டது. இதுவரை பதினொரு மடல் எழுதியிருக்கிறேன். பதினொன்றிலும் கடமையும் கனிவும் கருணையும் வரிசையாக வரும். யாருக்கும் ஒரு சொல் குறைத்ததில்லை. உங்களுக்கும் அப்படியே எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருப்பேன். ஒரு வரி அதற்குக் குறுக்கே வந்தது.

சென்ற வாரம் நம் மருந்தாளுநர் ரஞ்சித் ஒரு மாதிரிப் படிவம் எழுதிக்கொண்டு வந்தார். நல்ல தமிழ். அதில் நான்காவது பத்தியில் இப்படி இருந்தது: "தாங்கள் முறையாகச் சொட்டு மருந்து வழங்கிய எந்த ஒரு குழந்தையையும் இளம்பிள்ளை வாதம் தீண்டியதில்லை என்பது தங்கள் பணிக்கு மகுடம்."

"தம்பி, இந்த வரிய எடுத்துடு" என்றேன்.

"ஏன்க்கா? ஃபைல்ல பாத்துட்டுத்தான் எழுதினேன். தொண்ணூத்து நாலுல ஒரே ஒரு கேஸ். அதுவும் அந்தக் குழந்த மூணாவது டோஸ் எடுக்கல, அம்மா கூட்டிக்கினு வரலன்னு கீது."

"ஃபைல்ல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். அத எழுதும்போது நான் எதிர்ல குந்திக்கினு இருந்தேன்."

ரஞ்சித் படிவத்தை மடித்தார். பிறகு, "மடல நீங்களே எழுதிடுங்கக்கா, படிக்கிறது மட்டும் நான் படிக்கிறேன்" என்றார். அதனால்தான் இது வேறு மாதிரி இருக்கிறது. சால்வையோடும் பழத்தட்டோடும் வந்திருக்கும் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் இருந்தாலும் எனக்குக் குறையில்லை.

சிஸ்டர், அந்தக் குழந்தை என் மகள் கலைமதி. 1993 ஜூலை இருபதாம் தேதி பிறந்தாள். முதல் சொட்டு செப்டம்பர் ஒன்று. இரண்டாவது செப்டம்பர் இருபத்தொன்பது. மூன்றாவது அக்டோபர் இருபத்தேழு. மூன்றும் புதன்கிழமை, மூன்றும் உங்கள் கையால். அட்டையில் மூன்று தேதியும் உங்கள் எழுத்தில் இருக்கின்றன. அட்டை இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, ஏனென்றால் கேட்டவர்களிடம் நான் கொடுக்கவில்லை.

மூன்றாவது சொட்டு கொடுத்த அன்று அவளுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. மழைக்காலம், ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு அப்படித்தான் இருந்தது. நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். சொட்டைக் கொடுத்துவிட்டு, "நாலு வாரம் கழிச்சி இன்னொரு வாட்டி கூட்டிக்கினு வா, இது நிக்குமான்னு தெரியாது" என்றீர்கள். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது: வயிற்றுப்போக்கின்போது கொடுத்த தவணையைக் கணக்கில் சேர்க்காதே, மறுபடி கொடு.

நாலு வாரம் கழித்து வந்தேன். நவம்பர் இருபத்து நான்கு. நீங்கள் என்னைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு, "மூணு முடிஞ்சிடுச்சிம்மா, போதும்" என்றீர்கள். எனக்கு மகிழ்ச்சி. மகள் அழாமல் வீடு திரும்பியதில் மகிழ்ச்சி.

அதற்கு முந்திய வாரக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலாவது தவணை கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறீர்கள். அன்றைய அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். "நல்லாப் பாருங்க சிஸ்டர். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது கட்டம் எங்க இருக்கு? இல்லாத கட்டத்துல எப்படி எழுதுவீங்க? மருந்து வீணாச்சின்னு யார் பதில் சொல்றது?" கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

கட்டம் இல்லை. அச்சடித்தவர் போடவில்லை. அதனால் ஒரு குழந்தையின் உடம்பு மூன்றோடு திருப்தி அடைந்துவிட வேண்டும் என்று ஒரு மேசையில் முடிவாகிவிட்டது. இதை எழுதும்போது இத்தனை வருடம் கழித்தும் என் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

அந்த நவம்பர் புதன்கிழமையிலிருந்து அவள் படுக்கும்வரை முப்பத்தொன்பது புதன்கிழமைகள் இருந்தன. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஏதோ ஒன்றில் இரண்டு சொட்டு போதுமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வாய்ப்பை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

1994 ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினொரு மாதத்திலேயே நடந்த பிள்ளை. மூன்றாம் நாள் காலை சுவரைப் பிடித்து எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது கால் துணி மாதிரி தொங்கியது. திண்டிவனத்தில் பார்த்துவிட்டு உடனே பாண்டிச்சேரிக்குப் போகச் சொன்னார்கள். வண்டியில் அவள் மூச்சு மாறியது. நான்காம் நாள் எல்லாம் முடிந்தது.

இதற்கு மேல் அதை எழுத மாட்டேன். இது பாராட்டு மடல்.

அவள் போன பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பரிசோதனை முடிவு வந்திருந்தது, இளம்பிள்ளை வாதம்தான். மூன்று தவணையும் பெற்ற குழந்தைக்கு அது வந்தது என்று எழுதினால் மேலே பதில் சொல்ல வேண்டும். அதிகாரி என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, "மருந்து குடுத்த உடனே பால் குடுத்தியா?" என்று கேட்டார். குழந்தை அழுதது, கொடுத்தேன் என்றேன். "அவ்ளோதான். அரை மணி நேரம் குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே. உன் பாலே மருந்த முறிச்சிடுச்சி." பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் திருமுருகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையோடு நான் ஐந்து வருடம் குடும்பம் நடத்தினேன்.

பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். கூடவே மைப்பெட்டி. பருத்திச் சேலை, எண்ணெய் வைக்காத தலை, கிராமத்துப் பெண். படிக்கத் தெரியாது என்று அவர்களாக முடிவு செய்துகொண்டார்கள். "இதுல ஒரு கைநாட்டு வைம்மா, ஒண்ணுமில்ல, ஃபைலுக்குத்தான்." நான் பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். "மூன்றாம் தவணைக்குத் தாய் குழந்தையை அழைத்து வரவில்லை."

அப்போது கதவருகில் நின்றிருந்த நீங்கள் சொன்னீர்கள்: "சார், அது நான் குடுத்தது. அட்டையில தேதி கீது, பதிவேட்டுல கீது. பொய் எழுதாதீங்க."

"சிஸ்டர், நீங்க வெளிய நில்லுங்க."

"வெளிய நின்னாலும் தேதி மாறாது சார்."

நான் கைநாட்டும் வைக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. ஆனாலும் அந்தத் தாள் போய்ச் சேர்ந்துவிட்டது. ரஞ்சித் பார்த்த ஃபைலில் இருப்பது அதுதான். பதிவேட்டின் அந்தப் பக்கம் என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. உங்களைக் கண்டாச்சிபுரத்துக்கு அப்பால் ஒரு துணை நிலையத்துக்கு மாற்றினார்கள். காரணம் "நிர்வாக நலன்". யாருடைய நலன் என்று நான் இங்கே கேட்டு வைக்கிறேன்.

போவதற்கு முன் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அன்புச்செல்வி, பால் காரணமில்ல. அது பொய். நாலாவது வாட்டி குடுக்கணும்னு எனக்குத் தெரியும். கேட்டேன். வேணாம்னாங்க. அதுக்கு மேல நான் சண்ட போட்டிருக்கணும், போடல. அது என் தப்பு. உன்னுது இல்ல" என்றீர்கள்.

இந்த மடலில் எழுத வேண்டிய உங்கள் நற்பண்பு எது என்று கேட்டால், அதுதான். இந்த முப்பத்தொரு வருடத்தில் அந்த மரணத்தில் தன் பங்கு என்ன என்று என் முன்னால் வந்து சொன்ன ஒரே அரசு ஊழியர் நீங்கள். ஆனால் அன்று எனக்கு அது பண்பாகத் தெரியவில்லை. "போய்டுங்க" என்றேன். போய்விட்டீர்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை, சிஸ்டர். உங்கள் முகத்தைப் பார்த்துப் பல வருடம் மன்னிக்கவில்லை. மேடையில் இதைச் சொல்லலாமா என்று ரஞ்சித் கேட்டார். உங்களுக்குத் தெரிந்ததுதானே.

1995 டிசம்பரில் நாடு முழுவதும் ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து என்றார்கள். ஏற்கெனவே எத்தனை தடவை கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, மறுபடி கொடுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார்கள். என் மகள் போய்ப் பதினாறு மாதம். நாலாவது கட்டம் இல்லை என்றவர்களே இப்போது நாலாவதும் ஐந்தாவதும் ஆறாவதும் கொடுத்தார்கள். நல்லதுதான், அதனால் இன்று போலியோ இல்லை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒலிபெருக்கி வண்டியில் வந்த ஒருவராவது என் வாசலில் இறங்கி, "அம்மா, நாங்கள் சொன்னது தவறு" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

1997இல் எனக்கு அங்கன்வாடி வேலை கிடைத்தது. மறுவருடம் நீங்கள் திரும்பி வந்தீர்கள். புதன்கிழமைகளில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் பெயர் சொல்வேன், நீங்கள் சொட்டு விடுவீர்கள். வேறு பேச்சு கிடையாது. மூன்று மாதம் இப்படி.

ஒரு புதன்கிழமை ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. நீங்கள் இரண்டு சொட்டு விட்டீர்கள். பதிவேட்டில் தேதி எழுதினீர்கள். பிறகு பென்சிலை எடுத்து அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டீர்கள். அட்டையிலும் போட்டீர்கள். "இது கணக்குல சேராது கண்ணு. நாலு வாரம் கழிச்சி வா. யாரு வேணாம்னாலும் நீ வா." பக்கங்களைப் புரட்டினேன். கண்டாச்சிபுரத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த சொந்த நோட்டிலும் பார்த்தேன். எல்லா இடத்திலும் வட்டங்கள். அச்சடித்தவர் கட்டம் போடாத இடத்தில் நீங்களே ஒரு குறியை உண்டாக்கியிருந்தீர்கள்.

"அதிகாரிங்க கேட்டா?" என்றேன். மூன்று மாதத்தில் நான் உங்களிடம் பேசிய முதல் பேச்சு.

"ரெண்டு மெமோ வாங்கிட்டேன். இன்னும் எடம் கீது, குடுக்கட்டும்" என்றீர்கள்.

அதன் பிறகு நம் பக்கத்துத் தாய்மார்கள் பேச்சிலேயே அது வந்துவிட்டது. "சிஸ்டர், எம் புள்ளைக்கு வட்டம் போட்டுக்கிறீங்க, எப்ப வர்றது?" என்று கேட்டுக்கொண்டு தாமாக வருவார்கள். காணை ஊர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்கள்கூட பிறந்த வீட்டுக்கு வரும்போது அட்டையைக் காட்டி, "இங்க வட்டம் போடல சிஸ்டர், ஆனா அன்னிக்கி பேதி இருந்திச்சி" என்பார்கள். புத்தகத்தில் இருந்த ஒரு விதியை ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் தெரிந்ததாக ஆக்கியவர் நீங்கள். அதற்கு எந்த மேடையிலும் உங்களுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக் குழு வந்தது. மூன்று சொட்டும் பெற்ற கைக்குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து, போலியோவின் மூன்று வகைக் கிருமிகளுக்கும் எதிர்ப்பு உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். நம் மையத்தில் பத்தொன்பது குழந்தைகள். ஊசி குத்திய பிறகு நீங்கள் முடிவைக் கேட்டீர்கள்.

"இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான் சிஸ்டர். தனித்தனியா சொல்ல மாட்டோம்" என்றார் ஒருவர்.

"குத்தும்போது தனித்தனியாத்தானே அழுதுச்சிங்க?" என்றீர்கள்.

அந்தக் குழுவின் பெண் மருத்துவர் சிரித்துவிட்டார். மூன்று மாதம் கழித்து முடிவை அனுப்பியும் வைத்தார். பத்தொன்பதில் ஆறு குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு வகைக்கு எதிர்ப்பே உண்டாகவில்லை. மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது, இரத்தத்தில் அந்த எதிர்ப்பு இல்லை. நீங்கள் ஆறு வீட்டுக்கும் நடந்தீர்கள். நானும் கூட வந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் தாயின் முகம் என் முகம் மாதிரி ஆவதைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் நீங்கள் முதலில் சொன்னது ஒன்றேதான்: "உன் மேல தப்பு இல்ல, புள்ள மேலயும் இல்ல. மருந்து வாய்க்குள்ள போனா மட்டும் பத்தாது. வயித்துல வேற கிருமி குந்திக்கினு இருந்தா இதுக்கு எடம் கெடைக்காது. உடம்பு அத வாங்கிக்கணும். வாங்கற வரைக்கும் குடுப்போம்."

அந்த மருத்துவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். தாய்ப்பால் கொடுத்தால் சொட்டு மருந்து கெட்டுப்போகுமா? "இல்லையேம்மா, தாராளமா கொடுக்கலாம். யார் சொன்னது?" என்றார்.

யார் சொன்னது. சொன்னவர் அதற்குள் இரண்டு பதவி உயர்வு பெற்றிருந்தார். ஒவ்வொன்றுக்கும் நம் நிலையத்திலிருந்து மாலை போனது. வாழ்த்து அட்டையை எழுதியதும் நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால்.

அன்று மாலை அந்தப் பதிலை என் கணவரிடம் சொன்னேன். அவர் கலைமதியின் அட்டையை எடுத்து வரச் சொன்னார். இருவரும் சேர்ந்து அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நகரத்தில் படித்தவர்களுக்கு இது முன்பே தெரியும் என்று பிற்பாடு அறிந்தேன். நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு மூன்று தவணை போதாது என்று எத்தனையோ வருடமாகக் கட்டுரை எழுதி, கருத்தரங்கு நடத்தி, தேநீர் அருந்தியிருக்கிறார்கள். அந்தச் செய்தி கடலைக் கடந்து போய் வந்தது. ஓர் அலுவலக மேசையைக் கடந்து எங்கள் ஊருக்கு வரவில்லை. வந்தது பழி மட்டும்தான். அது மட்டும் எவ்வளவு சீக்கிரம் வந்தது.

பாராட்டு மடலில் பெருமிதம் வேண்டும், ஒரு சிரிப்பாவது வேண்டும் என்று ரஞ்சித் சொன்னார். சரி. வளவனூரில் பயிற்சி முடிந்து வரும்போது பேருந்தில் நடத்துநர் உங்கள் பெட்டிக்குச் சுமைச் சீட்டு கேட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். "உள்ள இன்னாம்மா?" என்றார். "நூறு புள்ளைங்களோட காலு. வெயில்ல வெக்காத, ஜல்தியா ஓட்டச் சொல்லு" என்றீர்கள். அன்று முதல் அந்த வண்டியில் உங்கள் பெட்டிக்கு ஒரு தனி இருக்கை உண்டு. நீங்கள் நின்றுகொண்டு வருவீர்கள்.

அன்பும் துணிவும் ஒருங்கே உடைய அம்மையே, உங்களைக் குறையற்றவர் என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். குறையற்றவர்கள் கையில்தான் நாங்கள் பட்டது எல்லாம். தன் பிழையை அறிந்து, அதைப் பென்சிலால் வட்டமிட்டு, அதே பிழை இன்னொரு வீட்டில் நடக்காமல் முப்பது ஆண்டு காவல் இருந்தவர் நீங்கள். உங்களால் நடக்கும் கால்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனை என்று எண்ண முடியாது. எண்ண முடியாதபடி நடந்து திரிவதுதான் உங்களுக்கு மரியாதை.

இனிப் புதன்கிழமை காலையில் நீங்கள் எட்டு மணிக்கு மேலும் உறங்குங்கள். உங்கள் முழங்கால் வலி நீங்கட்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். கணவரோடும் பேரப் பிள்ளைகளோடும் பெட்டியின் சுமை இல்லாத தோளோடு நீண்ட காலம் நலமாக இருங்கள். மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததற்கும் நன்றி. இருபத்தேழு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

கடைசியாக ஒன்று. ஃபைலில் இருப்பதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் இந்த மடல் கண்ணாடிக்குள் போகிறது. உங்கள் வீட்டுச் சுவரில் ஒன்று, நம் நிலையத்தின் சுவரில் ஒன்று மாட்டப்படும். வருகிற அதிகாரிகள் படிக்கட்டும். அதனால் தாளின் அடியில் கலைமதி என்று எழுதி நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். மூன்றில் உங்கள் கையால் கொடுத்த தேதிகள் இருக்கின்றன. மூன்றாவது தேதியைச் சுற்றி நானே பென்சிலால் வட்டம் போட்டேன். நான்காவது காலி. கையெழுத்துப் போடும் யாரும் அந்தக் கட்டத்துக்குள் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கள் பணி நிறைவு நாளில், தங்களோடு பணியாற்றிய பெருமையுடன்,

மருத்துவ அலுவலர், செவிலியர்கள், மருந்தாளுநர், களப்பணியாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் அனைவருக்காகவும்,

தி. அன்புச்செல்வி
கலைமதியின் தாய்

திண்டிவனம்
31.7.2025